நடுவது நாலாவது வேலை: சென்னைத் தெருவில் நிழலைக் காக்கவும் பெருக்கவும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தெருவில் முதன்முதலாக மரம் நட்டது ஒரு ஜூன் 5. பேனர் இருந்தது, மோர் இருந்தது, படம் எடுக்க நாலு பேர் இருந்தார்கள். நாற்பது கன்று நட்டோம். அடுத்த பொங்கலுக்கு எண்ணிப் பார்த்தால் ஆறு. அந்த ஆறில் இரண்டை மாடு மேய்ந்து குச்சியாக்கி வைத்திருந்தது.

இதில் மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டை வைத்துக் குறித்த தேதி. அன்று சென்னையில் மேற்குக் காற்று அனலாக அடிக்கும். கத்திரி முடிந்த பிறகும் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் ஜூனில் வருவதுண்டு. அந்த வெயிலில் பையைக் கிழித்துக் கன்றை மண்ணில் வைப்பது, பிறந்த குழந்தையை மொட்டை மாடியில் படுக்கவைப்பதுபோல.

அதன்பின் இத்தனை ஆண்டுகளில் கற்றது ஒன்றுதான். நகரத்தின் நிழலைக் கூட்ட நினைக்கும் தன்னார்வலருக்கு நடுவது முதல் வேலையல்ல, நாலாவது வேலை. முன்னால் மூன்று வேலை இருக்கிறது, பின்னால் இரண்டு. படம் எடுக்க ஆள் வருவது நாலாவதுக்கு மட்டும்.

கீழே உள்ளதெல்லாம் சென்னை மண்ணையும் மழையையும் வைத்து எழுதியது. கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் மாதத்தையும் மர இனத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை: இருப்பதை எண்ணுங்கள்

ஞாயிறு காலை ஆறரை மணி. நாலைந்து பேர், ஒரு நோட்டு, தையற்காரர் டேப் ஒன்று. ஒரு தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன மரம், சுற்றளவு எவ்வளவு, மேலே மின்கம்பி போகிறதா, அடியில் மண் தெரிகிறதா அல்லது சிமென்ட் கழுத்தை நெரிக்கிறதா, ஆணி எத்தனை, பொந்து உண்டா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

சுற்றளவை எல்லோரும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. மார்பளவு உயரம் என்பார்கள். ஒருவர் இடுப்பளவிலும் இன்னொருவர் தோளளவிலும் அளந்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு வரும். எங்களுக்கு வந்தது.

இடத்தைக் குறிக்கத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதுங்கள். “இன்ன எண் கம்பத்துக்கு மேற்கே மூன்றாவது மரம்” என்றால் மாநகராட்சி ஊழியருக்கும் புரியும், அடுத்த ஆண்டு வரும் புது ஆளுக்கும் புரியும். மரத்துக்கு எண் கொடுக்கிறேன் என்று தகரத்தகடு அடிக்காதீர்கள். மரத்தைக் காப்பாற்ற வந்தவர்களே ஆணி அடித்த தெருக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த எண்ணிக்கை எதற்கு? இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கை சென்னையின் வனப்பரப்பு 2011-இல் 18.02 சதுர கிலோமீட்டராக இருந்து 22.70 ஆக உயர்ந்ததாகச் சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கணக்கில் வனப்பரப்பு என்றால் குறைந்தது ஒரு ஹெக்டேர் விரிந்த, பத்து விழுக்காடாவது மரம் மூடிய நிலம். கிண்டி தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் போன்ற இடங்கள் அதில் வரும். உங்கள் தெருவின் பதினோரு பூவரசு வராது. அவை வெட்டப்பட்டாலும் அந்தப் பட்டியலில் ஒன்றும் குறையாது. தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ மதியம் இரண்டு மணிக்கு நடந்து பார்த்தவருக்கு, நகரத்தின் மொத்தக் கணக்கு அந்தத் தெருவின் வெயிலுக்குப் பதில் சொல்லாது என்பது தெரியும்.

தெருவில் எத்தனை விழுக்காடு நிழல் என்று அறிய எளிய வழி உண்டு. கூகுள் எர்த்தில் உங்கள் வார்டின் எல்லையைப் போட்டு, அதற்குள் 200 புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பதுபோல் தாறுமாறாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் மேல் விழுகிறதா, கூரை மேலா, சாலை மேலா என்று குறியுங்கள். 40 புள்ளி மரத்தின் மேல் விழுந்தால் நிழல் 20 விழுக்காடு. ஆனால் 200 புள்ளிக்கு அந்த விடை ஓரளவு தள்ளாடும். உண்மை அளவு 15-க்கும் 25-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 500 புள்ளி வைத்தால் இன்னும் இறுகும். கணக்குப் போடப் பிடித்த கல்லூரிப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்தால் இரண்டு மாலைகளில் முடித்துவிடுவார்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் 2021-இல் செசில் கோனைனெண்டைக் என்ற நகர்ப்புற வனவியலாளர் முன்வைத்த 3-30-300 இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரம் கண்ணில் பட வேண்டும், பகுதியில் 30 விழுக்காடு மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். நம் தெருக்கள் பலவற்றில் முதல் எண்ணே உதைக்கும்.

இரண்டாவது வேலை: நிற்பதைச் சாகவிடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. எட்டு மீட்டர் அகலம் விரிந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் சுமார் 50 சதுர மீட்டர். அதை வெட்டிவிட்டு ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடுகிறோம் என்கிறார்கள். ஒரு கன்றின் தலை அரை மீட்டர் அகலம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் பத்துக் கன்றுக்கும் சேர்த்து 2 சதுர மீட்டர் நிழல். அதுவும் பத்தும் பிழைத்தால். ஐம்பதைக் கொடுத்து இரண்டை வாங்கி, மீதிக்கு இருபது ஆண்டு காத்திருக்கும் வியாபாரம் இது.

மரத்தை யாரும் வெட்டாமலே சாகடிக்க நான்கு வழி உண்டு: சிமென்ட், ஆணி, வடிகால் பள்ளம், தவறான கவாத்து (கிளை வெட்டுவது).

*சிமென்ட்.* நடைபாதைக்கு டைல்ஸ் போடுகிறவர்கள் தண்டை ஒட்டியே கலவையைக் கொட்டிவிடுவார்கள். வேருக்குக் காற்றும் இல்லை, மழைநீரும் இல்லை. தண்டு பருக்கப் பருக்க சிமென்ட் அதை அறுக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அந்த ஆணை டெல்லிக்கானது. ஆனாலும் மனு எழுதும்போது அந்த ஒரு மீட்டரைக் காட்டிக் கேளுங்கள். வாயால் கேட்பதைவிடக் கனமாக இருக்கும்.

அனுமதி கிடைத்ததும் தண்டுக்கு அருகில் இயந்திரம் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். சிமென்டை எடுத்த இடத்தில் மட்கிய உரமும் காய்ந்த இலையும் போடுங்கள். தண்டின் மேல் மண்ணைக் குவிக்காதீர்கள். கோயில் அரசமரத்துக்கு மேடை இல்லையா என்று கேட்பார்கள். ஆலும் அரசும் தண்டிலிருந்தே வேர்விடும் இனம், சமாளித்துக்கொள்ளும். புங்கைக்கும் வேம்புக்கும் அப்படிச் செய்தால் பட்டை அழுகும்.

*ஆணி.* டியூஷன் விளம்பரம், வாடகைக்கு வீடு, மூலம் பௌத்திரம். 2019-இல் சென்னை மாநகராட்சி, மரத்தில் விளம்பரம் அடித்தால் 25,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று ஆண்டு சிறை என்று எச்சரித்தது. அந்தச் செய்தியை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேசுங்கள், சண்டை வேண்டாம். பெரும்பாலானவர்கள் தாங்களே எடுத்துவிடுவார்கள்.

பிடுங்கும்போது பட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் ஒரு சின்னப் பலகைத் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் ஆணி காயத்தைவிடப் பெரிய காயத்தைச் சுத்தியல் செய்துவிடும். மரம் விழுங்கிவிட்ட ஆணியைத் தோண்டி எடுக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். துளையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவது பல குழுக்களின் வழக்கம். பூசினால் பெரிய கேடு இல்லை, பெரிய பலனும் இல்லை. மரம் நம் தோல்போலப் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. காயம்பட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு, மேலே புது மரத்தை வளர்த்து மூடும். ஆணிக்குப் பிறகு கேபிள் கம்பிகளையும் சீரியல் விளக்கு ஒயர்களையும் பாருங்கள். தண்டை இறுக்கிச் சுற்றிய ஒரு கம்பி நூறு ஆணிக்குச் சமம். அது என்ன ஒயர் என்று கேட்காமல் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

*வடிகால் பள்ளம்.* சென்னையில் இன்று பெரிய மரங்களுக்கு ஆபத்து இதில்தான் அதிகம். மழைநீர் வடிகாலுக்கு ஜே.சி.பி. வந்து ஒரு பக்க வேரை முழுக்க வாரிவிட்டுப் போகும். மரம் அன்று விழாது, பச்சையாகவே நிற்கும். அடுத்த காற்றில் சாயும். அப்போது “பழைய மரம், பட்டுப்போச்சு” என்பார்கள்.

மரவேர் ஆழமாகப் போகும் என்பது பாதிதான் உண்மை. பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டு மூன்று அடிக்குள், கிளை விரிந்த அளவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. காக்க வேண்டிய வேர்வட்டத்துக்குப் பொதுவான கணக்கு தண்டு விட்டத்தின் 12 மடங்கு. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்குத் தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 4.8 மீட்டர். முப்பது அடித் தெருவில் இது நடக்காத காரியம், தெரியும். அதனால் பேரம் பேசுங்கள். மரத்தருகே மட்டும் கையால் தோண்டுங்கள் என்று கேளுங்கள். வடிகால் சுவரை அந்த இடத்தில் ஓரடி வளைக்க முடியுமா என்று கேளுங்கள். மணிக்கட்டைவிடப் பருத்த வேரை வெட்டும் முன் பொறியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வெட்டியே தீர வேண்டுமென்றால் ரம்பத்தால் நேராக அறுக்கச் சொல்லுங்கள். ஜே.சி.பி. பிய்த்த வேர் நார் நாராகத் தொங்கி உள்ளே வரை அழுகும். பள்ளத்தைத் திறந்து போட்டிருக்கும் நாட்களில் வேர்மேல் ஈரச் சாக்கு போடுங்கள். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

இந்தப் பேரம் நடப்பது வேலை தொடங்கும் முன்பாக இருக்க வேண்டும். தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டால் இரண்டு மூன்று நாளில் இயந்திரம் வரும் என்று அர்த்தம். அன்றே உங்கள் முதல் வேலையின் நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். பெயரும் அளவும் கம்ப எண்ணும் உள்ள பட்டியலை நீட்டுகிறவரிடம் அதிகாரிகள் பேசும் முறையே வேறு.

மரத்தையே எடுக்கப்போகிறார்கள் என்றால் தமிழ்நாட்டில் அரசு நிலத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலானது. அதன் ஒப்புதல் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கண்ணெதிரே வெட்டிக்கொண்டிருந்தால் மாநகராட்சி எண் 1913. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

*கவாத்து.* மழைக்கு முன் மின்வாரிய ஆட்களும் மாநகராட்சி ஆட்களும் கிளை வெட்ட வருவார்கள். வெட்ட வேண்டியதுதான். அடர்ந்த தலை காற்றில் பாய்மரம் மாதிரி. ஆனால் மொட்டையடிப்பது கவாத்து அல்ல. மொட்டையடித்த இடத்தில் பத்துக் கிளை கொத்தாக வரும். அவை மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர உள்ளே பிடிப்பு இராது, ஐந்தாம் ஆண்டு அதுதான் காரின் மேல் விழும். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி மறுபக்கத்தை விட்டால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான வெட்டு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம், பிறகு அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து முழுக்க. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சமுள்ள கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்குமே, அந்தத் தடிப்புக்கு வெளியே மூன்றாவதாக அறுக்க வேண்டும். ஒரே தடவையில் தலையின் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இதைத் தன்னார்வலர் மரமேறிச் செய்யக் கூடாது, கம்பி அருகில் கண்டிப்பாகக் கூடாது. நம் வேலை அவர்கள் வரும் நாளைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பது, டீ வாங்கிக் கொடுப்பது, “அண்ணே, அந்தக் கிளையில் கூடு இருக்கு, அதை விட்டுட்டு இதை எடுங்க” என்று சொல்வது. அந்த ஒரு டீக்குக் கிடைக்கும் மரியாதை எந்த மனுவுக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வேலை: ஆள், தண்ணீர், அனுமதி

எங்கள் குழுவில் ஒரே விதி. தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டின் பெயர் எழுதப்படாமல் குழி தோண்டக் கூடாது. “எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டு வாசலில் போய்க் கேளுங்கள். இஸ்திரிக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, பூ விற்கும் அம்மா, அடுக்ககக் காவலாளி ஆகியோரை விடாதீர்கள். நாள் முழுதும் தெருவில் இருப்பவர்கள் அவர்கள், நிழல் வேண்டியவர்களும் அவர்கள்தான்.

தண்ணீர் எங்கிருந்து என்பதை இப்போதே தீர்மானியுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கன்றுக்கு நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் அப்படியல்ல. நம் நிலத்தடி நீரின் உப்பு அதில் இன்னும் கூடியிருக்கும், தினமும் அதையே ஊற்றினால் இலை விளிம்பு கருகும்.

வார்டு உதவிப் பொறியாளருக்கும் மண்டலப் பூங்காப் பிரிவுக்கும் கடிதம் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிவையுங்கள். அடுத்த ஆண்டு நடைபாதை போட வரும் ஒப்பந்ததாரரிடம் காட்ட அது உதவும். மின்வாரிய ஆளிடம் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள். சென்னையில் பல இடங்களில் மின்சாரம் தரைக்கடியில் ஓடுகிறது.

எதிர்ப்பு வரும். கடையின் பெயர்ப்பலகை மறையும் என்பார் ஒருவர். இரண்டு கடைக்கு நடுச்சுவர் வரும் இடமாகப் பார்த்துக் குழியை நகர்த்துங்கள். வாசலுக்கு நேரே மரம் வாஸ்துப்படி ஆகாது என்பார் இன்னொருவர். விவாதம் வேண்டாம், நாலடி தள்ளுங்கள். இலை கொட்டும், பெருக்க முடியாது என்று சொல்லும் பாட்டி சொல்வது நியாயம். அவர் வாசலுக்கு மகிழமரம் கொடுங்கள்.

நாலாவது வேலை: நடுவது

எப்போது? சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மாலை இடிமழை பெய்யும். அதுதான் நேரம். வேர் கொஞ்சம் பிடித்த பிறகு பருவமழை வந்தால் கன்று அதை முழுக்கக் குடிக்கும். நவம்பரில் நட்டால் பல தெருக்களில் குழியே குளமாகிவிடும்.

என்ன மரம்? மேலே பாருங்கள், பிறகு கீழே பாருங்கள், பிறகு கடலைப் பாருங்கள்.

மேலே கம்பி போனால் மந்தாரை, பவளமல்லி, கறிவேப்பிலை. நிழல் குறைவுதான், ஆனால் ஆண்டுதோறும் கழுத்து வெட்டுப்படாமல் வாழும். சரக்கொன்றையையும் கம்பியை விட்டுச் சற்று ஒதுக்கி வைக்கலாம். கம்பி இல்லாத அகலத் தெருவில் புங்கை, வேம்பு, நாவல், இலுப்பை, மகிழம். மகிழம் மெதுவாக வளரும், பொறுமையைச் சோதிக்கும். வளர்ந்தபின் ஆண்டு முழுவதும் கருநிழல். கால்வாய் ஓரம், ஏரிக்கரை என்றால் நீர்மருது. கடற்கரையை ஒட்டிய திருவொற்றியூர், பட்டினப்பாக்கம், திருவான்மியூர்ப் பகுதிகளில் உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசும் புன்னையும் நாட்டு வாதுமையும். பூவரசுக்கு நர்சரிக் கன்றுகூட வேண்டாம். கைப்பருமன் போத்து ஒன்றை வெட்டி நட்டாலே துளிர்க்கும்.

ஆலும் அரசும் பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும். குறுகிய தெருவில் அவற்றை நட்டால் பத்தாண்டு கழித்து வெட்டச் சொல்லி நாமே மனு எழுத வேண்டி வரும்.

வேண்டாதவை: கோனோகார்பஸ். சீக்கிரம் பச்சையாகிறது என்று சாலை நடுவே வரிசையாக வைத்தார்கள். 2025-இல் தமிழ்நாடு அரசு அதை நடத் தடை விதித்தது. குல்மோகர், பெருங்கொன்றை இரண்டும் பார்க்க அழகு. வர்தா புயலில் அவை விழுந்த விதத்தைப் பார்த்தவர்கள் நடைபாதையில் மறுபடி நட மாட்டார்கள். நெட்டிலிங்கம் சுவரோரத்துக்கு ஆகும், நிழல் தராது.

தெரு முழுக்க ஒரே மரம் வைக்காதீர்கள். ஒரு பூச்சி வந்தால் மொத்தமும் போகும். எந்த இனமும் பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று 1990-இல் ஃபிராங்க் சாண்டமூர் என்ற அமெரிக்க மரவியலாளர் சொன்னதை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நெருக்கி நடும் மியாவாக்கி முறை காலி மனைக்கும் பூங்கா மூலைக்கும் சரி. நடந்துபோகிறவர் தலைக்கு நிழல் தருவது தெருமரம்தான், அந்தக் குட்டிக்காடு இதற்கு மாற்றாகாது.

கன்று ஐந்தடியாவது இருக்கட்டும், தண்டு கட்டைவிரல் பருமன். இரண்டடிக் கன்று மலிவு, ஆனால் தெருவில் ஆட்டுக்கு அது ஒரு வாய். பையின் அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கன்று நெடுநாள் பையில் கிடந்தது, வேண்டாம். வனத்துறை நாற்றங்கால்களில் விசாரியுங்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நாட்டுமரக் கன்றுகள் வளர்ப்பதில் ஈடுபட்டுள்ளது.

குழி எடுக்கும்போது சென்னை தன் வரலாற்றைக் காட்டும்: செங்கல், டைல்ஸ் துண்டு, பால் கவர், ஒற்றைச் செருப்பு. நல்ல மண்ணாக இருந்தால் வேர்க்கட்டியின் ஆழமும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமும் போதும். இடிபாடு நிறைந்த மண் என்றால் மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. குப்பையைச் சலித்து எறிந்துவிட்டு, மண்ணோடு கால்பங்கு மட்கிய தொழு உரம் கலந்து, அடியில் மிதித்து இறுக்கி மேலே வாருங்கள். மிதிக்காவிட்டால் முதல் மழையில் கன்று அரையடி கீழே இறங்கிவிடும்.

கன்றைக் குழிக்கு வெளியே வைத்துப் பையைக் கத்தியால் கீறி எடுங்கள், உருவாதீர்கள். வட்டமாகச் சுற்றிய வேர் இருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், முறுக்கியதை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வளையமே பத்தாண்டு கழித்து மரத்தின் கழுத்தை இறுக்கும். தண்டு வேராக மாறும் இடம், வேர்க்கழுத்து, தரை மட்டத்தில் தெரிய வேண்டும். ஆழமாக நட்டால் உறுதி என்று நினைத்து அரையடி புதைப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு.

இரு பக்கமும் இரண்டு கொம்பு, சாக்குக் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாக, உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் கட்டு. கன்று காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு தடிக்கும். கூண்டு அவசியம், மூங்கிலோ இரும்போ. சுற்றி ஓரடி தள்ளிப் பாத்தி, அதற்குள் மூன்று விரல் உயரம் காய்ந்த இலை மூடாக்கு. தண்டைத் தொடாமல் போடுங்கள், தொட்டால் கரையானுக்கு ஏணி.

ஐந்தாவது வேலை: மூன்று கோடை

நட்ட மரத்தின் வயதை ஆண்டில் சொல்லாதீர்கள், கோடையில் சொல்லுங்கள். மூன்று கோடை தாண்டியதுதான் மரம்.

நட்ட முதல் இரண்டு வாரம் மழை இல்லாத நாட்களில் தினமும் ஒரு குடம். பிறகு பருவமழை பார்த்துக்கொள்ளும். பொங்கல் முடிந்ததும் வேலை தொடங்கும். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடம், அதாவது 15 லிட்டராவது. மே மாதம் வாரம் மூன்று முறை. இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம், மூன்றாம் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று குடம். போகப் போக இடைவெளியும் அளவும் கூடுவதைக் கவனியுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுருண்டு கிடக்கும். அப்படி வளர்ந்த மரம் காற்றில் நிற்காது.

வாட்ஸாப் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் போடச் சொல்லுங்கள். பூ அனுப்புவதையும் காலை வணக்கத்தையும் கண்டிப்பாகத் தடை செய்யுங்கள். மூன்று வாரம் படம் வராத கன்றைப் போய்ப் பாருங்கள். வீடு காலியாகியிருக்கும், அல்லது அந்த அம்மா ஊருக்குப் போயிருப்பார்.

ஓராண்டில் கொம்பை அவிழ்த்துவிடுங்கள். கயிறு தண்டுக்குள் புதைந்த கன்றுகள் ஏராளம். இரண்டாம் ஆண்டிலிருந்து அடிக்கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், ஆனால் மேலே மூன்றில் இரண்டு பங்கு உயரம் எப்போதும் இலையோடு இருக்க வேண்டும். இரும்புக் கூண்டை மூன்றாம் ஆண்டு கழற்றுங்கள். அதைக் கழற்ற மறந்தால் மரம் கூண்டை விழுங்கும், பிறகு கம்பி அறுக்கும் ஆளைத் தேட வேண்டும். கழற்றிய கூண்டு அடுத்த கன்றுக்கு. செலவில் பெரும்பங்கு கூண்டும் தண்ணீரும்தான், நன்கொடை தருகிறவரிடம் கன்றுக்கு வாங்காமல் அதற்கு வாங்குங்கள்.

கணக்கில் “நட்டது” என்ற பத்தி வேண்டாம். “ஒரு கோடை தாண்டியது, இரண்டு தாண்டியது, மூன்று தாண்டியது” என்று மூன்று பத்தி போதும்.

ஆறாவது வேலை: புயலுக்கு மறுநாள்

2016 டிசம்பர் 12, வர்தா. அன்று மாலைக்குள் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. மறுநாள் ரம்பங்கள் வந்தன. வழியை மறித்தவற்றை வெட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் வெட்டத் தேவையில்லாத பல மரங்களும் அந்த வாரம் துண்டாயின. சாய்ந்தது என்றாலே செத்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

சாய்ந்த மரம் இளமரமாக இருந்து, வேரில் பாதிக்கு மேல் மண்ணிலேயே பிடித்திருந்து, தண்டு பிளவாமல் இருந்தால் தூக்கி நிறுத்தலாம். கம்பி ஏதும் அதன்மேல் விழவில்லை என்று மின்வாரியம் சொன்ன பிறகே கிட்டே போங்கள். வெளியே தெரியும் வேர்மேல் உடனே ஈரச் சாக்கு. கிழிந்த வேரை நேராக அறுத்து, தலைப்பாரத்தைக் குறைக்க ஒடிந்த கிளைகளையும் கொஞ்சம் நல்ல கிளைகளையும் எடுங்கள். வேர்ப்பக்கம் குழியை அகலமாக்கி, தண்டில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி அதன்மேல் வடம் கட்டி, ஆறேழு பேர் மெதுவாக இழுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் மிச்ச வேரும் அறும். நிமிர்ந்ததும் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காற்றுக் குமிழை வெளியேற்றி, மூன்று பக்கம் முட்டுக் கொடுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் செய்தால்தான் பலன்.

இதற்கான வடம், சாக்கு, ரம்பம், டியூப் எல்லாம் அக்டோபருக்கு முன்பே யாராவது ஒருவர் வீட்டுப் படிக்கட்டின் அடியில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அது பூ விற்கும் அம்மா வீடு. முனையில் நிற்கும் பூவரசை நிமிர்த்திய வடம் அங்கேதான் தொங்குகிறது, முட்டுக்கொம்புகளில் ஒன்றில் அவர் இப்போது துணி காயப்போடுகிறார்.